கட்டாய விடுப்பில் ஒரு கேஷியர்

"சாவிய இங்க வச்சிட்டு நீங்க வீட்டுக்குக் கிளம்பலாம்," என்றார் மேனேஜர்.

கேஷியருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கவுண்டருக்கு வெளியே வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. முதலில் நின்ற அம்மாள் பாஸ்புக்கை நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை. கொண்டுவந்த சாப்பாட்டு டப்பா மேஜைக்கு அடியில் சூடு ஆறாமல் இருந்தது.

"இப்பவா சார்?"

"இப்பவேதான். ஹெட் ஆபீஸ்லேர்ந்து மெயில் வந்திருக்கு. உங்களுக்கு ரெண்டு வாரம் கட்டாய விடுப்பு. கம்ப்யூட்டர் உங்க பேர எடுத்துக் குடுத்திருக்கு. டென்ஷன் ஆகாதீங்க."

'டென்ஷன் ஆகாதீங்க' என்பது மேனேஜருக்கு மூச்சு விடுவது மாதிரி. கூரை இடிந்து விழுந்தாலும் அதைத்தான் சொல்லுவார். அவருடைய கண்ணாடி அறையில் 'சிரித்த முகமே நமது முதலீடு' என்று ஒரு பலகை தொங்கியது. மாதம் ஒருமுறை எல்லா ஊழியரையும் கூட்டி உட்காரவைத்து, கண்ணை மூடி ஆழமாக மூச்சு விடச் சொல்லுவார். மூச்சு விட்டதில் தேங்கிப்போன வேலையை முடித்துவிட்டு அன்றைக்கு எல்லாரும் ஒரு மணி நேரம் தாமதமாக வீட்டுக்குப் போவார்கள்.

கேஷியர் சாவியை வைத்தார். மேஜைக்கு அடியிலிருந்த டப்பாவை எடுத்துக்கொண்டார்.

வங்கி வேலையில் இப்படி ஒரு வழக்கம் உண்டு. காசும் கையெழுத்தும் புழங்குகிற நாற்காலியில் இருப்பவரை, முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லாமல், திடீரென்று எழுப்பி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். விடுப்பு முடியும்வரை அவர் வங்கிக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது, வேலை சம்பந்தமாக யாருடனும் பேசவும் கூடாது. அவர் இடத்தில் வேறொருவர் உட்காருவார். முன்னவர் எதையாவது மூடி மறைத்து வைத்திருந்தால், தொடர்ந்து மூட ஆள் இல்லாமல் அது தானாக வெளியே வந்துவிடும் என்பது கணக்கு. ஒன்றும் மறைக்காதவருக்கு அது சம்பளத்தோடு கிடைக்கிற ஓய்வு, அவ்வளவுதான்.

இதெல்லாம் கேஷியருக்கும் தெரியும். ஆனால் ஆள் பற்றாக்குறையால் அந்தக் கிளையில் பல வருஷமாக யாரையும் அப்படி அனுப்பியதில்லை. அவருக்குத் தெரிந்து இந்த விடுப்பில் போனவர் ஒரே ஒருவர்தான், அதுவும் பழைய கிளையில். கைவீசிச் சிரித்துக்கொண்டே போன அந்த மனிதர் திரும்பி வரவேயில்லை. அடுத்த மாதம் அவரைப் பற்றி எல்லாரும் இறந்தகாலத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

"சார், என்மேல ஏதாவது புகார்..."

"சேச்சே. ஃபார்மாலிட்டி. போய் நல்லாத் தூங்குங்க."

வாசலில் செக்யூரிட்டி சல்யூட் அடித்தார். தினமும் அடிக்கிற சல்யூட்தான். இன்றைக்கு அதில் ஏதோ ஒரு இறுதி மரியாதை தெரிந்தது கேஷியருக்கு.

அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. அதைப் பேருந்தில் உட்கார்ந்து தனக்குத்தானே பலமுறை சொல்லிப் பார்த்தார். சொல்லச் சொல்லச் சந்தேகம்தான் வலுத்தது. ஏனென்றால் கொஞ்ச காலமாக அவருக்கு அவர்மேலேயே நம்பிக்கை இல்லை. பக்கத்துக் கவுண்டர்க்காரர்கள் இரண்டு பேர் ஓய்வு பெற்றதிலிருந்து, மூன்று ஆள் வேலையும் அவர் தலையில்தான் விடிந்தது. போதாததற்கு, பணம் எடுக்க வருகிறவர்களின் தலையில் இன்ஷூரன்ஸும் கட்ட வேண்டும். சர்வர் பாதி நேரம் படுத்துவிடும், மீதி நேரம் எழுந்து வேகமாக ஓடும். அந்த அவசரத்தில் யார் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடுகிற நிலைக்கு வந்திருந்தார்.

போன மாதம் மகளின் மதிப்பெண் அட்டையில் பெற்றோர் கையெழுத்துக்கான இடத்தில் 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதி, தன் ஊழியர் எண்ணையும் போட்டுப் பள்ளிக்கு அனுப்பிவைத்தார். அதற்கு முந்தின வாரம் கடைக்குப் போகப் பணம் கேட்ட மனைவியிடம் அடையாள அட்டை இருக்கிறதா என்று கேட்டார். இப்படிப்பட்ட கை, வங்கியில் எந்தெந்தக் காகிதத்தில் என்னென்ன செய்து வைத்திருக்கிறதோ, யார் கண்டது? திருடவில்லை என்பது நிச்சயம். ஆனால் தூங்கிக்கொண்டே யாருக்காவது தூக்கிக் கொடுத்திருந்தால்?

அதே நினைப்போடு வீடு வந்து சேர்ந்தார்.

"என்னங்க, அதுக்குள்ள வந்துட்டீங்க?" என்றாள் மனைவி.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். 'கட்டாய விடுப்பு' என்று சொன்னால் 'ஏன்' என்பாள். 'மூடி மறைச்சது வெளிய வரட்டும்னு' என்று சொன்னால் அவள் அண்ணனுக்கு போன் போடுவாள். மச்சான் எப்போதும் 'பேங்க் வேலைல ரெண்டு வழிதான் மாப்ள, ஒண்ணு ரிடையர்மென்ட், இன்னொண்ணு ஜெயில்' என்று சொல்லிச் சிரிக்கிற ஆள்.

"சர்வர் டவுன்," என்றார் கேஷியர்.

"ஆபீசையே மூடற அளவுக்கா?"

"மொத்தமா டவுன்."

மறுநாள் காலை அவள் வழக்கம்போல டப்பாவைக் கட்டிக் கையில் கொடுத்தாள். இரண்டு வாரத்துக்கு சர்வரைப் படுக்கவைக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்தது. டப்பாவை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கிளம்பிவிட்டாரே தவிர, எங்கே போவது? பூங்காவுக்குப் போனார். தனியாக டப்பாவோடு உட்கார்ந்திருந்தவரைக் காவலாளி ஒரு மாதிரி பார்த்தார். கால்கள் தாமாக எழுந்து, பழகிய பேருந்தில் ஏறி, பழகிய இடத்தில் இறங்கிவிட்டன. வங்கிக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தார்.

கண்ணாடிக் கதவு வழியாக மேனேஜர் வெளியே வருவது தெரிந்தது. கேஷியருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சட்டென்று பின்னாலிருந்த கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தார். அது சலூன்.

"உக்காருங்க சார். கட்டிங்கா ஷேவிங்கா?"

சலூன்காரர் பேச்சுக்குப் பஞ்சமில்லாத மனிதர். ஆள் உட்காருவதற்குள் துணியைக் கழுத்தில் சுற்றிவிடுவார். கேஷியர் நிமிர்ந்தார். எதிரே சுவர் முழுக்கக் கண்ணாடி. அதில், முதுகுக்குப் பின்னால் இருந்த தெருவும், வங்கி வாசலும், மேனேஜரின் அறை ஜன்னலும் அப்படியே தெரிந்தன. சினிமா பார்ப்பது போல உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம்.

"ஷேவிங்," என்றார். "மெதுவாப் பண்ணுங்க. அவசரமே இல்ல."

அன்று மத்தியானம்வரை பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. மேனேஜர் யாரோ வாடிக்கையாளரை வாசல்வரை வந்து சிரித்து வழியனுப்பினார். உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் தெரியவில்லை.

"தம்பி, உங்க போன் கொஞ்சம் குடுங்க," என்று சலூன்காரரிடம் வாங்கி வங்கியின் எண்ணை அழுத்தினார். உள்ளே இருக்கிற கிளார்க் அம்மா எடுத்தால் குரலை மாற்றி நிலவரம் கேட்டுவிடலாம் என்பது திட்டம்.

"ஹலோ, மேனேஜர் பேசறேன்."

கேஷியருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மூச்சு மட்டும் புஸ்புஸ்ஸென்று போனில் போனது.

"யாருங்க?"

வைத்துவிட்டார். அரை மணி கழித்து மறுபடி அழுத்தினார். மறுபடியும் மேனேஜர்தான் எடுத்தார். மறுபடியும் மூச்சுதான் போனது. மூன்றாவது முறை அவர் வைத்த கையோடு, வங்கியிலிருந்தே திரும்ப அழைப்பு வந்தது. தடுப்பதற்குள் சலூன்காரர் எடுத்துவிட்டார்.

"வணக்கம் சார். உங்களுக்கு எதிர்ல இருக்கிற சலூன்தான் சார். ஹலோ... வெச்சிட்டாரே."

கண்ணாடியில் மேனேஜரின் ஜன்னல் திறந்தது. மேனேஜர் எட்டிப் பார்த்தார். கேஷியர் கழுத்துத் துணியை மூக்குவரை இழுத்துக்கொண்டார்.

அடுத்த நாள் போகக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு தூங்கினார். காலையில் போய்விட்டார். ஷேவ் செய்ய ஒன்றுமில்லாததால் முடி வெட்டிக்கொண்டார். அதற்கடுத்த நாள் முடி வெட்டவும் இல்லாததால் சாயம் அடித்துக்கொண்டார்.

வீட்டில் மகள்தான் முதலில் பார்த்தாள்.

"அப்பா, தலை கறுப்பா இருக்கு."

"வெயில்ல அப்படித் தெரியுது."

"வெயில்ல கறுக்கறது மூஞ்சிதாம்ப்பா."

சாப்பாடு போடும்போது மனைவி அவரை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தாள். "பேங்க்ல இப்ப எல்லாரும் இப்படித்தான் வர்றாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"கஸ்டமருக்கு நம்ம தோற்றத்துல நம்பிக்கை வரணுமாம். ஹெட் ஆபீஸ் உத்தரவு."

"முந்தாநாள் ஷேவிங், நேத்து முடிவெட்டு. இன்னிக்கு டை. நாளைக்கு என்ன உத்தரவுன்னு முன்னாலயே சொல்லிடுங்க," என்று குழம்பை நங்கென்று வைத்தாள். இரண்டு மூன்று நாளாக அவளிடம் உண்மையைச் சொல்லச் சொல்லி மனசு அடித்துக்கொண்டது. பதினெட்டு வருஷம் கூட வாழ்ந்தவளிடம் போய் பொய் சொல்கிறோமே என்று கேஷியருக்கு உள்ளுக்குள் அழுகை முட்டியது. ஆனாலும் ஜெயிலுக்குப் போகிறவன், போகிற அன்றைக்குச் சொன்னால் போதாதா?

நிலவரம் தெரியாமல் இனி ஒரு நாள்கூடத் தாங்காது என்று தோன்றியபோது சலூன்காரரையே தூது அனுப்பினார்.

"தம்பி, சில்லறை மாத்தற மாதிரி உள்ள போங்க. மூணாவது கவுண்டர்ல யாரு உக்காந்திருக்கா, என்ன முகத்தோட உக்காந்திருக்கா, பழைய ரசீதுக் கட்டையெல்லாம் வெளிய எடுத்துப் பாக்கறாங்களா... இதை மட்டும் கவனிச்சிட்டு வந்துடுங்க. வாயத் திறக்காதீங்க."

வாயைத் திறக்காமல் இருக்கச் சொல்லி ஒரு சலூன்காரரை அனுப்பியது கேஷியரின் தப்பு. போனவர் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது கையில் குளிர்பானம் இருந்தது.

"மேனேஜர் வாங்கிக் குடுத்தாரு சார். தங்கமான மனுஷன்."

"மேனேஜர்கிட்டயா பேசினீங்க?"

"நானாப் பேசல. சுத்தி சுத்திப் பாத்துட்டு இருந்தேனா, அவரே வந்து என்ன வேணும்னாரு. 'ஒண்ணும் இல்ல, பழைய கட்டையெல்லாம் எடுத்துப் பாத்தாச்சான்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க'ன்னேன். யாரு சொன்னாங்கன்னு கேட்டாரு. நான் உயிரே போனாலும் சொல்ல மாட்டேன்னுட்டேன். உங்க பேரு வெளிய வரல சார், நம்பலாம்."

கேஷியர் நாற்காலியில் அப்படியே சரிந்தார்.

"என் சீட்ல யாரு?"

"கண்ணாடி போட்ட ஒருத்தரு. ஜாலியா விசிலடிச்சுக்கிட்டே வேலை பாக்கறாரு. வரிசையே இல்ல."

அது வேறு நெஞ்சில் குத்தியது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து விசிலடிக்க முடியும் என்பதே அவருக்குத் தெரியாது.

அன்று பிற்பகலிலிருந்து மேனேஜரின் நடையே மாறிவிட்டது. கண்ணாடியில் கேஷியர் பார்த்துக்கொண்டே இருந்தார். மனிதர் அறைக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். பெரிய பெரிய காகிதக் கட்டுகளை மேஜைமேல் அடுக்கினார், கலைத்தார், திரும்ப அடுக்கினார். பிறகு ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டார். சிரித்த முகமே முதலீடு என்றவரின் முகத்தில் ஈயாடவில்லை.

'கண்டுபிடிச்சிட்டாங்க,' என்று கேஷியருக்கு உறுதியாகிவிட்டது. அதுவும் சின்ன விஷயமாக இருக்காது. ஒரு தூங்குமூஞ்சிக் கேஷியருக்காக அந்த நல்ல மனிதர் எப்படிக் கிடந்து தவிக்கிறார் என்று நினைத்தபோது கண் கலங்கியது.

"சார், இன்னிக்கு என்ன பண்ணலாம்?" என்று சலூன்காரர் கத்தரிக்கோலைச் சொடுக்கினார். "உங்ககிட்ட எடுக்கறதுக்கு இனிமே மீசைதான் இருக்கு."

"எடுங்க," என்றார் கேஷியர் விரக்தியாக.

மீசை போனதும் கண்ணாடியில் தெரிந்த முகம் அவருக்கே புதிதாக இருந்தது. ஒட்ட வெட்டிய கறுகறுத்த தலை, வழுவழுத்த மேலுதடு. கல்யாணப் புகைப்படத்தில்கூட அவர் இப்படி இருந்ததில்லை. பெற்ற தாய்கூட அடையாளம் கண்டுபிடிக்க முடியாது என்று பட்டது. அந்த நொடியில் அவருக்கு ஒரு துணிச்சல் வந்தது. சலூன் ஆணியில் தொங்கிய தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு தெருவைத் தாண்டினார்.

"வணக்கம் கேஷியர் சார்," என்று செக்யூரிட்டி சல்யூட் அடித்தார். "மீச எங்க சார்?"

"ஷ்ஷ்," என்றார் கேஷியர்.

"லீவுல உள்ள வரக் கூடாதே சார்."

"நான் வரல. நீங்க என்னைப் பாக்கவும் இல்ல."

செக்யூரிட்டி விவரமானவர். சரி என்று தலையாட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். கேஷியர் ஓரமாகச் சுவரை ஒட்டி நகர்ந்தார். மூன்றாவது கவுண்டரில் கண்ணாடிக்காரர் உண்மையிலேயே விசிலடித்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் என்னென்ன காகிதம் கிடக்கிறது என்று கேஷியர் எக்கிப் பார்த்தபோது, கண்ணாடி அறையிலிருந்து மேனேஜர் அவரைப் பார்த்தார்.

இருவர் கண்ணும் சந்தித்தன. அதாவது மேனேஜரின் கண்ணும் கேஷியரின் கறுப்புக் கண்ணாடியும். மேனேஜரின் கையிலிருந்த கோப்பை நழுவி மேஜையில் கவிழ்ந்தது. அவர் அதைத் துடைக்கக்கூட இல்லை. கேஷியர் திரும்பிப் பார்க்காமல் வெளியே ஓடினார்.

கெட்டது குடி. விடுப்பில் இருப்பவர், அதுவும் மாறுவேஷத்தில், உள்ளே நுழைந்து தன் நாற்காலிப் பக்கம் எக்கிப் பார்த்ததை மேனேஜரே கண்ணால் பார்த்தாயிற்று. இனிமேல் வேறு எந்தத் தப்பும் செய்யவில்லை என்றாலும் இது ஒன்றே போதும்.

சாயங்காலம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது கைபேசி அடித்தது. மேனேஜர்.

"எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார். குரல் கம்மியிருந்தது.

"இருக்கேன் சார்."

"நான் ஒண்ணு யோசிச்சேன். நீங்களும் வீட்டம்மாவும் குழந்தையும் எங்கயாவது மலைப்பக்கம், கடல்பக்கம் ஒரு வாரம் போயிட்டு வாங்களேன். டிக்கெட்டு, ஓட்டல் எல்லாம் நான் பாத்துக்கறேன். என் சொந்தச் செலவு."

ஆளை ஊரைவிட்டு நகர்த்திவிட்டு வீட்டைச் சோதனை போடப்போகிறார்கள். போட்டால் போடட்டும் என்று நினைத்தார் கேஷியர். ஆனாலும் ஓடி ஒளிந்தான் என்ற பேர் மட்டும் வரக் கூடாது.

"வேண்டாம் சார். நான் எங்கயும் போகல. இது ஒரு முடிவுக்கு வர்ற வரைக்கும் இங்கதான் இருப்பேன்."

அந்தப் பக்கம் மேனேஜர் எழுந்து கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"தீர்மானமாத்தான் இருக்கீங்க," என்றார் மேனேஜர்.

"ஆமா சார். எதுவா இருந்தாலும் சந்திச்சுத்தானே ஆகணும்."

"எவ்வளவு தூரம் தெரிஞ்சிருக்கு?"

"தெரிய வேண்டியது எல்லாம் தெரிஞ்சிருக்கும்னு நெனக்கிறேன் சார்," என்றார் கேஷியர், தலையைக் குனிந்துகொண்டு.

"குடும்பம்னு ஒண்ணு இருக்கு இல்லையா," என்றார் மேனேஜர். அழுகிற மாதிரி இருந்தது. தன் பெண்டாட்டி பிள்ளைக்காக இப்படி உருகுகிறாரே என்று கேஷியரும் நெகிழ்ந்துபோனார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் மூக்கை உறிஞ்சிவிட்டு போனை வைத்தார்கள்.

உள்ளே வந்தால் மனைவி நின்றுகொண்டிருந்தாள். அவர் மேலுதட்டை அவள் பார்த்த பார்வையில் மீசை இருந்திருந்தால் உதிர்ந்திருக்கும். விறுவிறுவென்று உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கேஷியர் கூடத்தில் படுத்துக்கொண்டு மோட்டுவளையைப் பார்த்தபடி, அதிகாரிகளிடம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்தார். 'ஐயா, தெரியாமல் நடந்துவிட்டது. எது நடந்தது என்பதும் தெரியாது.' அதற்குமேல் வார்த்தை வரவில்லை.

மறுநாள் சலூன் நாற்காலியில் அவர் சும்மாதான் உட்கார்ந்தார். அவர் தலையில் செய்வதற்கு எந்த வேலையும் மிச்சமில்லை. சலூன்காரர் இரக்கப்பட்டு முதுகைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

கண்ணாடியில் ஒரு கறுப்புக் கார் வந்து நின்றது. கோட்டுப் போட்ட இரண்டு பேர் இறங்கினார்கள். கையில் பெட்டி, முகத்தில் சிரிப்பு கிடையாது. ஹெட் ஆபீஸ் தணிக்கை ஆட்களை எங்கே பார்த்தாலும் கேஷியருக்குத் தெரியும். அவர்கள் நேராக வங்கிக்குள் போனார்கள். வாசல் கதவு பாதி சாத்தப்பட்டது.

"முடிஞ்சது," என்றார் கேஷியர்.

"இன்னும் இடுப்புப் பக்கம் பாக்கி இருக்கு சார்," என்றார் சலூன்காரர்.

அப்போது சலூன் கதவு தடாரென்று திறந்தது. மனைவி நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"எங்க அவ?"

"இங்க ஜென்ட்ஸ் மட்டும்தாம்மா," என்றார் சலூன்காரர்.

"நீ சும்மா இரு. நேத்து பேங்க்குக்கு போன் பண்ணேங்க. மேனேஜர்தான் எடுத்தாரு. நீங்க வேலைக்கே வர்றதில்லைன்னு அவர் வாயாலயே சொன்னாரு. தினமும் டப்பாவத் தூக்கிட்டு அலங்காரம் பண்ணிக்கிட்டு எங்கதான் போறாருன்னு கேட்டேன். 'வீட்டுக்குக்கூடச் சொல்லாமலா செய்யறாரு'ன்னு அந்த மனுஷனுக்கே குரல் நடுங்கிப்போச்சு. அந்நிய மனுஷனுக்கு இருக்கற பதைப்பு கட்டின புருஷனுக்கு இல்ல. அதான் இன்னிக்கு உங்க பின்னாலயே பஸ் ஏறி வந்துட்டேன். சொல்லுங்க, யாரு அவ?"

கேஷியர் அழுதுவிட்டார். கழுத்தில் துணியோடு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே, கட்டாய விடுப்பிலிருந்து கறுப்புக் கார் வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டினார். சலூன்காரர் இடையிடையே விட்டுப்போனதை எடுத்துக்கொடுத்தார்.

மனைவி கேட்கக் கேட்க மெல்ல முக்காலியில் உட்கார்ந்தாள். வேறொருத்தி இல்லை என்ற நிம்மதி ஒரு பக்கம், வேலை போகப்போகிறது என்ற பயம் ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்து அவளுக்கும் அழுகை வந்தது.

"நீங்க ஏதாவது எடுத்தீங்களா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் பயப்படறீங்க?"

"நான் எடுத்திருந்தா எவ்வளவு எடுத்தேன்னாவது தெரிஞ்சிருக்கும். ஒண்ணுமே எடுக்காததால என்ன ஆச்சுன்னே தெரியலம்மா. ராத்திரி கண்ண மூடினா கையெழுத்துப் போடற மாதிரியே இருக்கு. எதுல போடறேன்னு பாக்கறதுக்குள்ள முழிப்பு வந்துடுது."

அவள் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். மீசையில்லாத இடத்தில் கொஞ்சம் கூடுதல் நேரம் துடைத்தாள்.

"எழுந்திரிங்க," என்றாள். "இப்படி ஒளிஞ்சு ஒளிஞ்சு பாக்கறத விட, நேரா உள்ள போயி, 'என் கவனக்குறைவால எது நடந்திருந்தாலும் நான்தான் பொறுப்பு'ன்னு சொல்லிடுங்க. வேலை போனா போகட்டும். இந்த வேலைல இருந்து நீங்க என்ன ஆயிட்டீங்கன்னு கண்ணாடில பாருங்க. நானும் கூட வர்றேன்."

கேஷியர் துணியை அவிழ்த்தார். மனைவி முன்னால், அவர் பின்னால், துணைக்குச் சலூன்காரர் கடைசியில் என்று மூவரும் தெருவைத் தாண்டினார்கள். பல நாளுக்குப் பிறகு நேர்வழியில் நடக்கிறோம் என்கிற ஒரு லேசு காலில் தெரிந்தது.

வங்கி வாசலில் கதவைப் பாதி சாத்திவிட்டு செக்யூரிட்டி குறுக்கே நின்றிருந்தார். உள்ளே மேனேஜர் அறைப் பக்கமிருந்து யாரோ விசும்புகிற சத்தம் வந்தது.

"யாரையும் உள்ள விட வேண்டாம்னு உத்தரவு சார்."

"என்னை விட்டுத்தான் ஆகணும்," என்றார் கேஷியர். குரல் உடைந்தாலும் நிமிர்ந்து நின்றார். "நான் எல்லாத்தையும் ஒத்துக்க வந்திருக்கேன்."

செக்யூரிட்டி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அதுவரை அடித்ததிலேயே விறைப்பான சல்யூட் ஒன்றை அடித்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அதுக்கு அவசியமே இல்ல சார், செத்துப்போனவங்க கணக்குல கை வச்சது தான்தான்னு மேனேஜரே காலையில ஹெட் ஆபீசுக்கு போன் போட்டு ஒத்துக்கிட்டாரு, 'லீவுன்னு பேரு பண்ணி அந்த ஆள அனுப்பி, தினம் ஒரு வேஷத்துல எதிர்ல உக்கார வச்சு என்னை வேவு பாத்தீங்களே, இதுக்கு ஜெயிலே தேவலை'ன்னு உள்ள அவங்க கால்ல விழுந்து அழுதுக்கிட்டிருக்காரு."